பதினான்காம் நாளின் பக்கம்

சோப்புத் தொழிற்சாலையின் பாய்லர் அறையில் அவருக்கு நோட்டண்ணன் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வெறும் நோட்டு. இருபத்தாறு வருடமாக மணிக்கொரு முறை நீராவியின் அழுத்தம், கண்ணாடிக் குழாயில் தண்ணீரின் மட்டம், புகைபோக்கியின் வெப்பம் மூன்றையும் பார்த்து நோட்டில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவர். சாம்பல் அள்ளும் வேலைக்குத்தான் முதலில் வந்தார். பிறகு அடுப்புக்கு விறகு தள்ளினார். ஆபரேட்டர் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினார். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் பாய்லரின் பக்கத்தில் நின்று, சத்தம் கேட்டு, சூடு பட்டுத் தெரிந்துகொண்டது.

நோட்டு விஷயத்தில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. எழுதாதது நடக்கவில்லை. நடக்காததை எழுதக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது. மேலே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சின்னக் கையெழுத்து. கோட்டுக்குக் கீழே இருக்கும் தப்பை யாரும் எப்போதும் படிக்க முடிய வேண்டும்.

ஷிஃப்ட் முழுக்கக் கண்ணயர்ந்துவிட்டு, முடியும் நேரத்தில் எட்டு மணி நேர எண்களையும் மொத்தமாக நிரப்புகிறவர்கள் எல்லாப் பாய்லர் அறையிலும் இருப்பார்கள். அப்படிப்பட்ட பக்கத்தை அவர் எட்ட நின்றே கண்டுபிடித்துவிடுவார். மை ஒரே அடர்த்தியாக இருக்கும், எழுத்து ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும், எண்கள் ஏணிப்படி மாதிரி ஒழுங்காக ஏறி இறங்கும். “நெஜ பாய்லர் இவ்வளவு நல்ல பிள்ளையா இருக்காதுப்பா” என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். அதற்குமேல் திட்ட மாட்டார். திட்டு வாங்கினால் தேவலை என்பார்கள்.

இந்த மனிதருடைய கணக்கில்தான் ஒரு முழு மாதம் காணாமல் போயிற்று.

சளி என்று தொடங்கியது. நான்காம் நாள் நுரையீரலில் சீழ், ஐந்தாம் நாள் ரத்தத்தில் கிருமி. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்தொன்பது நாள் கிடந்தார். அதில் இருபத்தொரு நாள் அவருக்காக மூச்சு விட்டது இயந்திரம். முதலில் வாய் வழியாகக் குழாய், பிறகு தொண்டையில் துளை போட்டு அதன் வழியாக. சாதாரண வார்டில் இன்னும் பதினேழு நாள். வீட்டுக்கு வரும்போது எழுபத்தெட்டு கிலோ மனிதர் ஐம்பத்தொன்பது கிலோவாக இருந்தார். கரண்டியைப் பிடித்தால் கரண்டி கனத்தது. கொட்டாவி விட்டால் மூச்சு வாங்கியது. குரல் பழைய ரேடியோ மாதிரி கரகரத்தது. தலையணையெல்லாம் முடி.

வீடு முதல் மாடியில். பதினேழு படி. ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்.

தொழிற்சாலையில் ஆறு மாதம் அவர் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கம்பெனி டாக்டர் முன்னால் ஒரு சோதனை. பாய்லரின் தலைக்குப் போகும் இருபத்திரண்டு இரும்புப் படிகளை யார் உதவியும் இல்லாமல் ஏறி, மேலே இருக்கும் பெரிய வால்வைத் திறந்து மூடிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கேட்டில் நாற்காலி போட்டு உட்காரும் வேலை. “அங்கயும் ஒரு நோட்டு உண்டுண்ணே, வர்ற போற வண்டி நம்பர் எழுதலாம்” என்று பார்க்க வந்த ஒருவன் ஆறுதல் சொன்னான்.

வாரம் இரண்டு முறை பிசியோதெரபிஸ்ட் வருவாள். சின்னப் பெண், ஆனால் குரலில் தயவு கிடையாது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வைப்பாள், பத்து முறை. சுவரைத் தள்ள வைப்பாள். மூன்றாம் வாரம் கதவைத் திறந்து படிக்கட்டைக் காட்டினாள்.

“இனிமே தினமும் இதுதான் சார். ஆனா தனியா கூடாது. இடுப்புல இந்த பெல்ட்டைக் கட்டிக்கிட்டு, பின்னால ஒரு ஆள் பிடிச்சுக்கணும். நல்ல பலமான ஆளா வேணும். வீட்டுல யார் இருக்கா?”

வீட்டில் இருந்தது அவர் மனைவி. நாற்பத்து நான்கு கிலோ. ஜெராக்ஸ் கடையில் வேலை.

“என் தம்பி இருக்கான்மா” என்றார் மனைவி. “ரெண்டு தெரு தள்ளி. ஷட்டர் ரிப்பேர் பண்றவன். கடை ஷட்டரையே ஒத்தைக் கையால தூக்குவான்.”

“அப்புறமென்ன?”

“அவன் வேணாம்” என்றார் நோட்டுக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவருக்கும் மச்சினனுக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். இவர் எழுதாமல் மூச்சு விடமாட்டார், அவன் பேனாவையே கையால் தொடமாட்டான். கடை வாசலின் அகலத்தைக் கையை விரித்து அளந்து, அதை மனதிலேயே வைத்துக்கொண்டு போய் ஷட்டர் செய்வான். ஒரு முறை ஒரு மளிகைக் கடையின் ஷட்டர் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. கடைக்காரர் கத்தினார். “எலி வராம பாத்துக்க பூனை வேணும்ல? பூனைக்கு வழி விட்டிருக்கேன் முதலாளி” என்றானாம். ஊரே சிரித்தது. நோட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எழுதி வைக்காத மனிதனை அவரால் நம்ப முடிந்ததில்லை. இருந்தாலும் பேச்சுவார்த்தை இருந்தது. வீட்டுக்கு வந்தால் “வா மச்சான்” என்பார். இப்போது அதுவும் இல்லை.

மச்சினன் தினமும் வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்து வாசலில் நிற்பான்.

“மாமா, இன்னைக்கு எத்தனை படி?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

“அக்கா, மாமாவோட ஷட்டர் இன்னும் மேல போகல போலிருக்கே. ஸ்பிரிங் போயிருக்கும், கழட்டிப் பாக்கட்டுமா?”

“போடா, வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு” என்பார் அக்கா. அவன் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவான். மறுநாளும் வருவான். மூன்றாம் மாதமும் இப்படியே போய்க்கொண்டிருந்தது.

காரணத்தை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த இருபத்தொன்பது நாளில் அவருக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான். பாய்லர் அறையின் தரையில் மல்லாந்து கிடக்கிறார். அடுப்பின் வாய் திறந்திருக்கிறது. வட்டமாக, வெள்ளையாக எரிகிறது. எங்கோ ஒரு மூட்டில் நீராவி கசிந்து சீறுகிறது. எழுந்து வால்வை மூட வேண்டும். எழ முடியவில்லை. மச்சினன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டிருக்கிறான். கிரீஸ் வாடை. அவன் முகம் மிகப் பக்கத்தில் இருக்கிறது. பேசிக்கொண்டே இருக்கிறான், இடையிடையே சிரிக்கிறான், பிடியை மட்டும் விடுவதில்லை. அடுப்பைப் பார்த்து இழுத்துக்கொண்டு போகிறான்.

ஆஸ்பத்திரியில் பாய்லர் ஏது என்று அவருக்கும் தெரியும். புத்தி அதைச் சொன்னது. மணிக்கட்டு வேறு சொன்னது. சாதாரண வார்டில் கண்விழித்தபோது இரண்டு மணிக்கட்டிலும் விரல் தடம் மஞ்சளும் நீலமுமாக மங்கிக்கொண்டிருந்ததை அவரே பார்த்தார். கனவு தடம் போடாது என்பது அவர் கட்சி.

ஐந்தாவது வாரம், மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், பெல்ட்டும் இல்லாமல் ஆளும் இல்லாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கினார். ஆறாம் படியில் முழங்கால் மடங்கியது. விழவில்லை, உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. மேலே ஐந்து படி, கீழே பதினொன்று. ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மாவு மில் சங்கு ஊதியதை வைத்துத்தான் நேரம் கணக்கிட்டார். மனைவி வந்தபோது கைப்பிடிக் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து ஏற்றினார்கள். மனைவி கத்தவில்லை. கால் கழுவிவிட்டார், சோறு போட்டார். பிறகுதான் கேட்டார்.

“ஏங்க, அவன் உங்களுக்கு என்ன பண்ணினான்?”

“எனக்கு அந்த இருபத்தொம்பது நாள்ல என்ன நடந்ததுன்னே தெரியாது. தெரிஞ்சாதானே சொல்ல?”

மனைவி அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து சுருள் கம்பி போட்ட ஒரு நோட்டை எடுத்து வந்து மடியில் வைத்தார்.

“நீங்களா கேக்கறப்ப குடுங்கன்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. நான் எழுதினது.”

நோட்டுக்காரர் நோட்டைத் திறந்தார். அது பாய்லர் அறை நோட்டின் படிவம். அவர் வேலைப் பையிலிருந்து வெற்றுத் தாள் ஒன்றை எடுத்துக் கடையிலேயே நாற்பது பிரதி போட்டிருக்கிறார் மனைவி. தலைப்பில் ‘நீராவி அழுத்தம்’ என்பதில் முதல் சொல்லின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ‘ரத்த’. ‘தண்ணீர் மட்டம்’ என்ற கட்டத்தில் சிறுநீரின் அளவு. ‘புகைபோக்கி வெப்பம்’ கட்டத்தில் காய்ச்சல். நேரம், எண், குறிப்பு, கையெழுத்து. அந்த ஆஸ்பத்திரியில் பகலில் உறவினர் ஒருவர் கட்டிலின் பக்கத்தில் இருக்கலாம். மனைவி காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை இருந்து மணிக்கொரு முறை எழுதியிருந்தார்.

“கோடு சரியா போட்டிருக்க” என்றார்.

மூன்று நாள் அதைப் படித்தார். வேலையில் ஒரு ஷிஃப்டின் பக்கத்தைச் சரிபார்ப்பது போல, விரல் வைத்து, வரி வரியாக. ஒன்பதாம் நாள், பகல் இரண்டு மணி, குறிப்பு: ‘கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார்.’ பதினொன்றாம் நாள்: ‘பக்கத்துக் கட்டில்காரர் இறந்துவிட்டார். திரை போட்டார்கள். இவருக்குக் கேட்டிருக்காது.’ பன்னிரண்டு: ‘தூக்க மருந்தைக் குறைக்கிறார்களாம். காலை உதைக்கிறார். நல்லது என்கிறார்கள்.’ சில கையெழுத்துகள் நடுங்கியிருந்தன. ஒரு பக்கத்தில் பேனா தீர்ந்து பென்சில். எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. அவருக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

பதினான்காம் நாளின் பக்கத்தில் விரல் நின்றது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“இது எப்ப எழுதின?”

“அன்னைக்குத்தான்.”

“அன்னைக்கு எப்ப? காலையில எட்டு மணி ரீடிங்கையும் சாயங்காலம் ஆறு மணி ரீடிங்கையும் ஒரே உட்காரல்ல எழுதியிருக்க. மை ஒண்ணு. சாய்வு ஒண்ணு. காய்ச்சல் நூறு, நூறு, நூறு, நூறு. முந்தின நாள் நூத்தி மூணு தொட்டவன் நான். குறிப்புல பதினோரு தடவை ‘நன்றாக இருக்கிறார்’. இவ்வளவு நல்ல பிள்ளையா நான் இருந்திருக்க மாட்டேன்.”

மனைவி மடித்த சட்டையை மறுபடி விரித்து மறுபடி மடித்தார்.

“அன்னைக்கு நான் அங்க இல்லைங்க. முந்தின நாள் வராந்தாவுல மயக்கம் போட்டு விழுந்துட்டேன். சிஸ்டர் வீட்டுக்குப் போய்த் தூங்குன்னு விரட்டிட்டாங்க. தம்பிதான் உங்ககூட இருந்தான். நோட்டைக் குடுத்து, மணிக்கொரு தடவை எழுதுடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். சாயங்காலம் வெறும் தாளோட வந்தான். என்னடா நடந்ததுன்னு கேட்டா, நல்லாத்தான் இருந்தார்னு சொன்னான். அதுக்கு மேல வாயே திறக்கல. காலியா விட்டா நீங்க எழுந்து வந்து என்னைத்தான் கேப்பீங்கன்னு நானா ரொப்பிட்டேன்.”

“நடக்காததை எழுதியிருக்க.”

“நீங்க எழுந்து வரணுமேன்னு எழுதினேன்.”

வாயாடி மச்சினன் ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்திருக்கிறான். தாள் வெறுமை. கேட்டால் ஒரே வாக்கியம். மணிக்கட்டில் தடம். அவர் மனதில் கணக்கு நேராகிவிட்டது. அன்றைக்குத்தான் முதல் முறையாக மனைவியிடம் அடுப்பையும் பிடியையும் சொன்னார்.

மனைவி நின்றபடியே கேட்டார். “என் தம்பி உங்களை நெருப்புல தள்ளினானா?”

“தள்ளினான்னு சொல்லல. நடந்தது என்னன்னு எழுதலன்னு சொல்றேன்.”

“அவனையே கேளுங்க.”

“அளவையே மனசுல வச்சிருக்கறவன். அவன் சொல்றதை எதோட ஒத்துப் பாக்கறது?”

ஒத்துப் பார்க்க ஒன்று இருந்தது. பாய்லர் அறையின் நோட்டில் சந்தேகம் வந்தால் பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டைக் கேட்டு வாங்குவார்கள். இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். ஆஸ்பத்திரியும் எழுதியிருக்கும்.

மாதம் ஒரு புதன்கிழமை, தீவிர சிகிச்சையிலிருந்து பிழைத்து வீடு போனவர்களுக்கு ஒரு கிளினிக் நடக்கும். அந்தப் புதன்கிழமை ஆம்புலன்ஸ் ஆட்களே நாற்காலியில் இறக்கிக் கொண்டுபோனார்கள். சக்கர நாற்காலிகள் அடுக்கும் அறைக்குப் பக்கத்து அறை. அங்கே போட்டிருந்த ஆறு நாற்காலிக்கும் கை இருந்தது. கை இல்லாத நாற்காலியிலிருந்து இவர்களில் யாராலும் எழ முடியாது. பக்கத்தில் பள்ளி வேன் டிரைவர் ஒருவர், எதிரில் ஒரு பேக்கரிக்கார அம்மாள். இரண்டு பேர் கழுத்திலும் அவர் கழுத்தில் இருந்த அதே வடு.

“அண்ணே, நீங்க எங்க இருந்தீங்க?” என்றார் டிரைவர்.

“நாலாம் கட்டில்.”

“அதில்லண்ணே. நெனப்புல. நான் இருபது நாளும் கப்பல்ல இருந்தேன். என் பொண்டாட்டி எனக்கு மட்டும் டிக்கெட் எடுக்காம நடுக்கடல்ல இறக்கி விட்டுட்டா. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அவகிட்ட மொகம் குடுத்துப் பேசல.”

“எனக்கு நர்சுங்க என் முடியை வெட்டி வித்தாங்க” என்றார் பேக்கரி அம்மாள். “போன வாரம்தான் அந்தப் புள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். எல்லாருக்கும் இப்படித்தானாம். மூளைக்கும் காய்ச்சல் வருமாம்.”

நோட்டுக்காரர் டிரைவரைக் கேட்டார். “கப்பல் பொய்னு எப்படித் தெரிஞ்சது?”

“யோசிச்சுப் பாத்தேன். கப்பலை ஓட்டினது என் மாமியார். அவங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.”

பேக்கரி அம்மாள் சிரித்துச் சிரித்து இருமினார். நோட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருடைய பாய்லர் நினைவில் அப்படிப் பொருந்தாத ஆள் யாரும் இல்லை.

கிளினிக்கை நடத்தியவர் அதே பிரிவின் மூத்த நர்ஸ். அவர் நோட்டுக்காரரின் நகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு நகத்தின் நடுவிலும் குறுக்கே ஒரு பள்ளக் கோடு.

“இது என்ன சிஸ்டர்?”

“நீங்க படுத்திருந்த நாள். அப்ப உடம்பு நகம் வளர்க்கறதை நிறுத்திடுச்சு. மூணு மாசத்துல இவ்வளவு தூரம் தள்ளி வந்திருக்கு. இன்னும் மூணு மாசத்துல வெட்டி எறிஞ்சிடலாம்.”

உடம்பும் நோட்டு எழுதியிருக்கிறது. அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டார். “பதினாலாம் நாள் உங்க நோட்டைப் பாக்கணும் சிஸ்டர்.”

ஏன் என்று நர்ஸ் கேட்கவில்லை. “வாங்க, முதல்ல இடத்தைப் பாருங்க” என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். நாலாம் கட்டில் அன்று காலியாக இருந்தது. கட்டிலைச் சாய்த்து அவரை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். மேலே கூரையில் வட்டமாக ஒரு விளக்கு, பால் வெள்ளை. பக்கத்துக் கட்டிலின் இயந்திரம் சீறியது, நின்றது, சீறியது. நர்ஸ் ஒரு சுவிட்சைப் போட்டதும் கால் பக்கம் ஒரு குழாயிலிருந்து வெப்பக் காற்று.

“அப்ப உங்களுக்குக் குளிர் நடுக்கம். அதுக்குத்தான் அந்தக் காத்து” என்றார் நர்ஸ்.

அவர் வெகுநேரம் கூரையைப் பார்த்தார். அடுப்பின் வாய் அங்கே இருந்தது. கசியும் மூட்டு இருந்தது. சூடு இருந்தது. மனதுக்குள் பொறுமையாக ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு போட்டார். கை மட்டும் மிச்சம்.

“கை, சிஸ்டர்.”

நர்ஸ் கோப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பதின்மூன்றாம் நாள் மாலை: ‘நோயாளி வாய்க் குழாயைப் பிடுங்கிவிட்டார். மீண்டும் போடப்பட்டது. இரவு முழுத் தூக்க மருந்து. காலையில் அதைக் குறைக்கும்போது இரு கைகளையும் கட்டிலில் கட்ட டாக்டர் உத்தரவு.’ மறுநாள் காலை எட்டு மணி: ‘கட்டவில்லை. மைத்துனர் பிடித்திருக்கிறார்.’ ஒன்பது: ‘மைத்துனர் பிடித்திருக்கிறார்.’ பத்து. பதினொன்று. பன்னிரண்டு மணிக்கு வேறு எழுத்து, வேறு மை: ‘பிடித்திருக்கிறார். நோயாளி திமிறுகிறார்.’ ஒரு மணி: ‘மைத்துனர் ஐந்து நிமிடம் வெளியே. நர்ஸ் பிடித்தார்.’ காய்ச்சல் நூற்றிரண்டு, நூற்றொன்று, நூற்று மூன்று, நூறு. மூன்று மணியில் ஒரு எண் தப்பாகி, மேலே ஒரே கோடு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. மாலை ஆறு: ‘நோயாளி தூங்குகிறார். மைத்துனர் விடுவித்தார்.’

அவர் மையைப் பார்த்தார், சாய்வைப் பார்த்தார். நல்ல பிள்ளைப் பக்கம் இல்லை அது. நடந்த பக்கம்.

“கட்டினா பயந்துபோய் இன்னும் திமிறுவார் சிஸ்டர், நானே பிடிச்சுக்கறேன்னார்” என்றார் நர்ஸ். “அரை மணி நேரத்துல அலுத்துடும்னு விட்டேன். பத்து மணி நேரம். மூக்கு அரிக்குதுன்னு என்னைக் கூப்பிட்டு சொறியச் சொன்னார். நான்தான் பிஸ்கட் ஊட்டினேன். பேசிக்கிட்டே இருந்தா நீங்க அடங்கறீங்கன்னு கண்டுபிடிச்சுட்டார், அப்புறம் நிறுத்தவே இல்லை. எங்க வார்டுல இப்ப எல்லாருக்கும் ஷட்டர் ரிப்பேர் தெரியும்.”

“வீட்டுல ஏன் சொல்லல?”

“கட்டச் சொன்னாங்கன்னு அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்ககிட்டயும் கேட்டுக்கிட்டார். நோட்டுல எழுதணுமேன்னு வேற கவலை. எழுத எனக்கு மூணாவது கை இல்லையே சிஸ்டர்னார்.”

மறுநாள் மச்சினன் வழக்கம் போல வந்து வாசலில் நின்றான்.

“மாமா, இன்னைக்கு எத்தனை படி?”

“உள்ள வா மச்சான். கையைக் காட்டு.”

அவன் அக்காவைப் பார்த்தான். கையை நீட்டினான். இடது மணிக்கட்டின் உள்பக்கம் நான்கு சின்ன வெளிர்த் தழும்புகள், பிறை வடிவில்.

“இது என்ன கீறல்?”

“பூனை மாமா.”

“எந்தப் பூனை?”

“பெரிய பூனை. எழுபது கிலோ இருக்கும்.”

நோட்டுக்காரர் அவன் கையை விடவில்லை. அடுப்பையும் சீறலையும் இழுத்துப் போனதையும் ஒன்று விடாமல் சொன்னார். தான் நம்பியதை ஒளிக்காமல் சொன்னார். மச்சினன் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசாமல் கேட்டதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

“நான் வேற நினைச்சேன் மாமா” என்றான் கடைசியில். “கட்ட விட்டிருந்தா இவ்வளவு நோகாதோ என்னவோன்னு. நான் புடிச்ச புடியில உங்க கை நீலம் பாரிச்சுப் போச்சு. அந்தக் கோவத்துலதான் செவுத்தைப் பாக்கறீங்கன்னு நினைச்சேன். நியாயந்தானேன்னு பேசாம இருந்தேன்.”

“தினமும் எதுக்கு வந்த அப்புறம்?”

“நீங்க என்னைக்காவது திட்டுவீங்க, கணக்கு முடிஞ்சிடும்னு.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா” என்றார் அக்கா.

“சொன்னா நீ எழுதி வச்சிருப்பக்கா.”

நோட்டுக்காரர் சுருள் நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துப் பதினான்காம் நாளின் பதினோரு வரிகளின் மேலும் பதினோரு கோடு போட்டார். ‘நன்றாக இருக்கிறார்’ என்பது கோட்டின் கீழே நன்றாகவே தெரிந்தது. மனைவியிடம் நீட்டி, “தப்பு உன்னோடது, சின்னக் கையெழுத்து போடு” என்றார். போட்டார். பிறகு ஓரத்தில் நோட்டுக்காரர் எழுதினார்: ‘காலை 8 முதல் மாலை 6 வரை. கையைப் பிடித்திருந்தார். இடையில் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓய்வு. ஆதாரம்: ஆஸ்பத்திரிப் பதிவேடு.’

“உன் ஷிஃப்ட். கையெழுத்துப் போடு.”

“பேங்கைத் தவிர எங்கயும் போட்டதில்ல மாமா.”

“போடு மச்சான். நான் உன்னைத் தப்பா எழுதி வச்சிருந்தேன்.”

“ஒரு கோடு போட்டுட்டீங்கல்ல, விடுங்க” என்று சொல்லி, பேனாவை ஸ்க்ரூ டிரைவர் மாதிரி பிடித்துக் கிறுக்கினான்.

பெல்ட் ஆணியில் தொங்கியது. நோட்டுக்காரர் அதைத் தானே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். மச்சினன் பின்னால் போய்ப் பெல்ட்டைப் பிடித்தான். முதல் படியில் இடது காலை வைத்தார்.

“இறுக்கிப் பிடிக்காத. பூனைக்கு வழி விடு.”

“சரி மாமா.”

அன்றைய குறிப்பு: ‘கீழே 17. மேலே 9. மீதி 8 மச்சானின் முதுகில்.’

அதன் பிறகு நோட்டில் அறுபத்து மூன்று நாள் படிக்கணக்கு இருக்கிறது. எண்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன, இரண்டு நாள் சளி என்று நிற்கின்றன, மறுபடி ஏறுகின்றன. கடைசிப் பக்கம் ஆறாம் மாதத்தின் நான்காவது வாரம், தொழிற்சாலையில் உட்கார்ந்து எழுதியது. ‘இரும்புப் படி 22. ஏழிலும் பதினைந்திலும் நின்றேன். வால்வு திறந்து மூடப்பட்டது. டாக்டர் உத்தரவு: மூன்று மாதத்துக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும். கீழே மச்சான் நின்றிருந்தார். இரண்டு கையும் பாக்கெட்டில் இருந்தது.’